மூன்றாவது ஓலை

முதல் கல்யாண ஓலை வாசித்த ஞாயிற்றுக்கிழமை, பூசை நடுவில், ஜெனுஷனின் வாய் தானாகத் திறந்தது.

கொட்டாவியும் வரவில்லை, தூக்கமும் வரவில்லை. ஃபாதர் தாளைக் கையில் பிடித்து, ஜெனுஷனுக்கும் டிலுக்ஷிக்கும் கல்யாணம் பேசியிருக்கிறது, இதற்குத் தடை ஏதும் தெரிந்தவர்கள் வந்து அறிவிக்கக் கடமைப்பட்டிருக்கிறார்கள் என்று வாசித்து முடித்ததும், யாரோ இரண்டு விரலைக் கீழ்ப்பல்லில் கொளுவி மெல்ல இழுத்ததுபோலத் தாடை இறங்கியது. பனிக்காற்று தொண்டை வரைக்கும் போனது. நசுங்கிய பச்சைத் தேயிலைக் கொழுந்தின் வாசம் நாக்கில் ஏறியது. அவன் கையால் மூடிக்கொண்டான்.

கோயில் வாசலில் அம்மா பெற்றீசியா பிடித்துக்கொண்டாள்.

"பூசையில வாயப் பொளந்துகிட்டு நிக்கிற. பொண்ணு வீட்டுக்காரங்க பாக்குறாங்கடா."

"தூக்கம்மா."

மூன்று ஞாயிறு அந்தத் தாளை வாசிக்க வேண்டும். மூன்றும் யாரும் மறுத்துச் சொல்லாமல் கழிந்துவிட்டால் கல்யாணம், அதோடு தான் தப்பிவிடலாம் என்று அவன் நினைத்திருந்தான். யாரிடமிருந்து தப்புவது என்று மட்டும் அவன் யோசிப்பதே இல்லை.

தோட்டத் தொழிலாளர் லயத்தில் அறைக்கும் அறைக்கும் நடுவே சுவர் உண்டு, அது கூரை வரைக்கும் போகாது. ஒரு வீட்டில் இருமினால் ஆறு வீட்டுக்கும் கேட்கும். புதன்கிழமை காலையில் பீலியில் தண்ணி பிடிக்கும்போது அடுத்த வீட்டு அழகம்மா கேட்டாள்.

"ஏன் தம்பி, ராத்திரி யாருகிட்ட பேசிக்கிட்டு இருந்த? கல்யாணத்துக்கு முந்தியே பொண்டாட்டிகிட்ட கெஞ்சிப் பழகுறியா?"

"நான் பேசலயேக்கா."

"ஒன் வீட்லதான் கேட்டுச்சு. ஒன் கொரலு மாதிரி இல்ல. மூக்கால இழுத்து இழுத்து, நம்ம மேல்லயத்து நிரோஷன் பேசுவானே, அந்த மாதிரி..." செத்தவன் பெயரைச் சொல்லிவிட்டோமே என்று சட்டென நிறுத்தி, குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டு போய்விட்டாள்.

நிரோஷனும் அவனும் கவ்வாத்துக் கூட்டத்தில் ஒரே நிரையில் தேயிலைச் செடி வெட்டியவர்கள். மழை பெய்தால் பழைய உர ஸ்டோருக்குள் ஒதுங்குவார்கள். மழை விட்ட பிறகும் அங்கேயே இருப்பார்கள். போன வருஷம் ஒரு நாள், மூடுபனி நடுப்பகலையே விழுங்கியிருந்த நேரம், டிலுக்ஷியின் அண்ணன் பிரதாப் இரண்டு பேரோடு வந்து கதவைத் தள்ளினான். இருவரும் இருந்த இருப்பை மூன்று பேரும் பார்த்தார்கள். ஜெனுஷன் சட்டையைத் தேடிக்கொண்டே சொன்னான். "இவன்தான் என்னைக் கூப்பிட்டான்."

"அப்படின்னா நீயே அவனுக்கு ஒண்ணு குடு," என்று பிரதாப் கவ்வாத்துக் கத்தியை நீட்டினான்.

ஜெனுஷன் பிடியைத் திருப்பி ஓங்கினான். ஒரே அடி. நிரோஷனின் தாடை கீல் கழன்று நெஞ்சுப் பக்கமாகத் தொங்கியது. அவன் ஏதோ சொல்லப் பார்த்தான். ஆ, ஆ என்றுதான் வந்தது. அப்படியே பனிக்குள் நடந்து போனான். மூன்றாம் நாள் பள்ளத்தில் பிணமாகக் கிடந்தான். பனியில் கால் வழுக்கிவிட்டது என்று தோட்டம் முழுக்கச் சொன்னது. அடுத்த மாதம் பிரதாப் தங்கச்சியைக் கொடுக்க வந்தான். "நீ ஆம்பளன்னு காட்டிட்ட மாப்ள."

இரண்டாவது ஓலையன்று, வாயோடு சத்தமும் வந்தது. "இரு..." என்று ஒரு அரைச் சொல். அவன் நாக்கைக் கடித்து விழுங்கினான். அதன் பிறகு சோறு உள்ளே போகவில்லை. படுக்கும்போது துவாயை மோவாயில் கொடுத்து உச்சியில் இறுக்கி முடிந்துகொண்டான். பார்த்த அம்மா விளக்கைக் கீழே வைத்துவிட்டாள்.

"என்னடா இது, செத்தவங்களுக்குக் கட்டுற மாதிரி? அவுருடா."

"பல்லு வலிம்மா."

காலையில் துவாய் நாலாக மடிக்கப்பட்டுத் தலைமாட்டில் இருந்தது. அவன் மடிக்கவில்லை. அம்மாவும் மடிக்கவில்லை.

மூன்றாவது ஞாயிறு. பனி கோயில் கதவு வழியே உள்ளே வந்து பெஞ்சுகளுக்கு அடியில் படுத்துக்கிடந்தது. பிரதாப் பக்கத்தில் உட்கார்ந்து முழங்காலைத் தட்டினான்.

"பத்து நிமிசம் மாப்ள. அப்புறம் எவனும் ஒண்ணும் பேச முடியாது."

ஃபாதர் தாளை விரித்தார். அவன் பெயர். அவள் பெயர். தடை ஏதும் தெரிந்தவர்கள்.

ஃபாதர் தாளிலிருந்து தலையை நிமிர்த்தினார்.

கொழுந்து வாசம்.

இரண்டு விரல். கீழ்ப்பல்லில்.

டக் என்று காதுக்குள் ஒரு சத்தம். தாடை இறங்கியது. இன்னும் இறங்கியது. இறங்கக்கூடிய இடத்தைத் தாண்டியும் இறங்கியது. கால்கள் அவனை எழுப்பி நிறுத்தின.

"இருக்கு ஃபாதர்."

அவன் உதடு அசையவில்லை. மூக்கால் இழுத்த அந்தக் குரல் தொண்டைக்குள்ளிருந்து வந்தது. நிதானமாக வந்தது.

"நான் இவனக் கூப்பிடல. இவன்தான் என்னையக் கூப்பிட்டான். மாசிப் பனியில என் கையப் புடிச்சு, நீ இல்லாட்டி என்னால முடியாதுன்னு அழுதான். இவனுக்கு என் மேல ஆசை. இப்பவும் ஆசை. ஒங்க பொண்ணுக்கு இவன் வேணாம்."

ஜெனுஷன் இரண்டு கையாலும் மோவாயை மேலே தள்ளினான். அது வரவில்லை. எல்லாம் உண்மை. ஒருநாளாவது தன் வாயால் சொல்லவேண்டும் என்று அவனே ஆசைப்பட்ட சொற்கள். இப்போது அவனுக்கு வாய் இல்லை. பெண்கள் பக்கம் டிலுக்ஷி எழுந்து நின்றாள். பெற்றீசியா செபமாலையை வாயில் வைத்துக் கடித்துக்கொண்டிருந்தாள். ஒருவரும் வெளியே ஓடவில்லை.

"அடிச்சது இவன். கத்தி குடுத்தது யாரு, நான் பள்ளத்துல உசுரோட கெடந்த ரெண்டு நாளும் மேல நின்னு எட்டிப் பாத்தது யாருன்னு, பிரதாப் அண்ணன் சொல்லுவாரு."

குரல் நின்றது. ஜெனுஷனின் வாய் மூடவில்லை. எச்சில் வெள்ளைச் சட்டையில் வடிந்துகொண்டிருந்தது. கண்ணை மட்டும்தான் அவனால் திருப்ப முடிந்தது.

பக்கத்தில் பிரதாப் இரண்டு கையாலும் தன் தாடையைத் தாங்கிப் பிடித்திருந்தான். விரல்களுக்கு நடுவே அது மெல்ல மெல்ல இறங்கிக்கொண்டிருந்தது.