மென்று விழுங்கியது

“ஏழு வருஷமா ஒன்னுமில்ல ஒன்னுமில்லன்னே—”

“ஒன்னுமில்லன்னா ஒன்னுமில்லதான், விடு—”

“—ஒரே ஒரு தடவை வாயத் தொறந்து என்னைத் திட்டித் தொலையேன், மார்லிஸ்.”

“முதல்ல கதவச் சாத்துடி. பனி உள்ள வருது.”

வெர்னா காலாலேயே கதவைச் சாத்தினாள். கையில் துணி சுற்றிய கண்ணாடிச் சட்டி. அடியில் ஒட்டிய டேப்பில் அவள் பெயர். அமெரிக்காவில் மினசோட்டாவின் அந்தப் பக்கத்தில் சாவுக்கு யாரும் வெறுங்கையோடு போவதில்லை. சர்ச்சுக் கூடத்து மேசையில் ஆளாளுக்குச் சமைத்துக் கொண்டுவந்த சட்டிகள் நெருக்கியடித்து நிற்கும். அடியில் இருக்கும் பெயரைப் பார்த்துப் பிறகு திருப்பிக் கொடுப்பார்கள். ஏழு வருஷத்துக்கு முன் மார்லிஸின் கணவர் எல்ராய் போனபோது, கூடப்பிறந்த தங்கை வெர்னாவின் பெயர் மட்டும் எந்தச் சட்டியிலும் இல்லை. படிக்கட்டுப் பனியில் வழுக்கிக் கொட்டிவிட்டது என்று வெர்னா அழுதாள். மார்லிஸ் நம்பவில்லை. ஆனாலும், அந்த ஊர்க்காரர்கள் எல்லோரும் எதற்கும் சொல்வதையே சொன்னாள்: பரவாயில்ல.

அதற்கப்புறம் முதலில் அவளுக்குத் தாடை வலித்தது. தூக்கத்தில் பல்லைக் கடித்துக் கடித்துப் பாதிக்கு மேல் தேய்த்துவிட்டாள் என்றார் பல் டாக்டர். பிறகு வயிறு. குழாய் விட்டுப் பார்த்த டாக்டர் புண் என்றார். மாத்திரை கேட்கவில்லை, உடம்பு உருகிக்கொண்டே போனது. போன வாரம் அந்த டாக்டர், அவள் மனதில் எதைப் போட்டு அரைக்கிறாள் என்று கேட்டு, அதை வெளியே கொட்டாவிட்டால் இந்தக் குளிர்காலத்தைத் தாண்டுவது கஷ்டம் என்றும் சொல்லிவிட்டார்.

சத்தத்தைப் பற்றி அவள் அவரிடம் சொல்லவில்லை.

நாலு மணிக்கே இருட்டிவிடும் அந்தச் சாயங்காலங்களில், தரைக்கடியில் ஹீட்டர் முனகி ஓய்ந்தபின், ஜன்னலில் பனி உரசுவதற்கும் குழாய் சொட்டுவதற்கும் பின்னால், ஈரக் கல்லோடு கல் உரசுவதுபோல் அது கேட்கும். சுவருக்குள் எலி என்று நினைத்துப் பொறி வைத்தாள். பொறி காலியாகவே இருந்தது. பிறகு காரிலும் கேட்டது. சர்ச்சிலும்.

வெர்னா கொண்டுவந்த சட்டியைத் திறந்து தட்டில் பரிமாறினாள். காளானும் பாலேடும் முறுகின உருளைக்கிழங்குமாக மணம் எழுந்தது. சாப்பிட்டுவிட்டாவது திட்டு என்றாள்.

மார்லிஸுக்குச் சொல்லத்தான் ஆசை. அத்தனை பேர் முன்னாலும் வெறுங்கையோடு வந்து நின்றாயே. வார்த்தை தொண்டை வரை வந்தது. ஆனால் கோபப்படவும் தெம்பு வேண்டுமே. அவளுக்கு அலுப்பாக இருந்தது.

“பரவாயில்ல, வெர்னா.”

வார்த்தை கீழே இறங்கியது. சத்தம் ஒரு கணம் நின்றது. எதையோ வாங்கிக்கொண்டதுபோல. பிறகு தொடங்கியது. முன்னைவிடக் கனமாக.

வெர்னா தலையைச் சாய்த்துக் கேட்டாள்.

“ஒரு வாய்கூட எடுக்கல நீ. அப்புறம் என்னத்த மெல்ற?”

மார்லிஸ் முள்கரண்டியைக் கீழே வைத்தாள். பல் டாக்டரிடம் திறப்பதுபோல் வாயை அகலத் திறந்தாள். வெர்னா குனிந்து பார்த்தாள்.

நாக்கு அசையவில்லை. பல்லோடு பல் படவில்லை.

கரக்.

கரக்.

விலா எலும்புக்குக் கீழே, மார்லிஸ் கட்டியிருந்த ஏப்ரன் மெல்ல ஏறியது. இறங்கியது.

வெர்னாவின் கையிலிருந்து அகப்பை விழுந்தது.

சத்தம் நின்றது. ஒரு விழுங்கல். மார்லிஸின் வாய் இன்னும் திறந்தே இருந்தது, உதடு அசையாமல். ஏப்ரனுக்கு அடியிலிருந்து, மார்லிஸின் அதே அலுத்துப்போன, மரியாதையான குரல் வந்தது.

“பரவாயில்ல, வெர்னா. இன்னும் கொஞ்சம் வை.”