இறக்கி வைத்த கைகாட்டி

பத்ரி கூடையிலிருந்த சீத்தாப்பழங்களை ஒவ்வொன்றாக எடுத்து, கண்ணருகே திருப்பி, கட்டைவிரலால் அழுத்திப் பார்த்துக்கொண்டிருந்தார். கண் விரிந்தது நாளைக்கு, விரியாதது புதன்கிழமைக்கு. அவர் மனைவி வைஜயந்தி பையை விரித்துப் பிடித்திருந்தாள். அப்போதுதான் கவனித்தாள்: பழம் விற்கும் மாலன்பாய் அவர்களைப் பார்க்கவே இல்லை. நடைபாதையின் தெற்குக் கோடியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

புனேவுக்குத் தெற்கே, அத்தியும் சீத்தாவும் விளையும் தோட்டங்களுக்கு நடுவே, ஒரு காலத்தில் பாசஞ்சர் வண்டி ஓடிய பாதை அது. தண்டவாளத்தைப் பெயர்த்து முப்பது வருடமாகிறது. விமான் நகரில் பத்ரி வேலை பார்த்த கம்பெனி அதில் செம்மண் கொட்டி, அத்திப்பழ வடிவத்தில் குப்பைத்தொட்டிகளும், படமெடுத்துக்கொள்ள ஒரு பொய் ஸ்டேஷன் பலகையும் வைத்து, ஊருக்கு அர்ப்பணித்திருந்தது. எந்த ஊருக்கு என்பதுதான் தெரியவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் காரில் வந்து இறங்கி, வேலிக்கு மேல் தொங்கும் பழத்தை ஓசியில் பறித்துத் தின்று, கொட்டையை வழியில் துப்பி, கிராமத்துக் காற்றே தனி என்று சொல்லிவிட்டுப் போகிறவர்களின் ஊர் போலிருக்கிறது.

பழைய லெவல் கிராசிங் பக்கத்தில் ஒரு கைகாட்டி நின்றது. ரயில்வே கிளம்பிப் போனபோது அதன் கையை நேராக நீட்டி, நில் என்ற நிலையில் விட்டுவிட்டுப் போயிருந்தது. முப்பது வருடமும் ஊரில் ஒருவர்கூட அதைத் தொடவில்லை. திறப்பு விழாவுக்கு முந்தைய வாரம் பத்ரி அதற்குப் பெயின்ட் அடித்து, கையைக் கீழே சாய்த்து, வெல்டிங் வைத்துவிட்டார். நீட்டியிருந்தால் மூஞ்சியில் அடிக்கிற மாதிரி இருக்கிறதாம். சாய்ந்திருந்தால் வரவேற்கிற மாதிரியாம். சாய்ந்த கைக்கு, பாதை காலி, வண்டி வரலாம் என்று பொருள். அது அவருக்குத் தெரியும். கையைப் பழையபடி நீட்டிவிடச் சொல்லி ஊர்க்காரர்கள் மூன்று முறை வந்து கெஞ்சியதை வீட்டில் நடித்துக் காட்டிச் சிரித்தார். அவளும் சிரித்தாள்.

ஐந்தே முக்கால். தோட்டங்களிலிருந்து வந்தவர்கள் கேட் இருந்த இடத்தில் இரு பக்கமும் நின்றார்கள். டிராக்டர்காரன் இன்ஜினை அணைத்தான்.

"பாரேன் வைஜூ, இல்லாத ரயிலுக்குக் காத்துண்டு நிக்கறா. அதுவும் டைம் டேபிள் பிரகாரம்!"

"நாமளும் ரெண்டு நிமிஷம் நின்னுட்டுப் போலாமேன்னா."

"நீயுமா? படிச்சவ மாதிரி பேசு."

கம்பெனித் தொப்பியைச் சரிசெய்துகொண்டு, கையில் ஒரு பழத்தோடு பாதையின் நடுவுக்குப் போனார். பின்னால் போகக் காலெடுத்த வைஜயந்தியின் முழங்கையை மாலன்பாய் பிடித்தாள். "தாம்பா, தாயி." நில்லு அக்கா. விரல்கள் சதைக்குள் இறங்கின.

"அரே, வரச் சொல்லுங்கோ உங்க வண்டிய!" பத்ரி பழத்தை உயர்த்திக் காட்டினார். "டிக்கெட் எடுத்தாச்சு!"

ஒருவரும் சிரிக்கவில்லை.

முதலில் வாசனை வந்தது. கனிந்த சீத்தாவின் இனிப்பு மணத்துக்கு அடியிலிருந்து, ஈரச் சாம்பலும் காய்ந்த இரும்பும் வெகுநாள் பூட்டிக் கிடந்த பெட்டியும் கலந்த ஒரு நெடி செம்மண்ணிலிருந்தே கசிவதுபோல் மெல்ல எழுந்து தொண்டையில் படிந்தது. மரங்களில் கத்திக்கொண்டிருந்த கிளிகள் அடங்கின. கூடைக்குள் பழங்கள் ஒன்றோடொன்று உரசத் தொடங்கின. பெண்களின் முந்தானைகள் எல்லாம் வடக்கே பறந்தன.

காற்று இல்லை.

மாலன்பாய் வைஜயந்தியின் முகத்தைப் பிடித்துத் திருப்பினாள். எதிரே பழக்கொட்டகையின் வெள்ளைச் சுவர். அதில் மாலை வெயில்.

சுவரில் ஒரு வெளிச்சச் சதுரம் ஓடியது. பிறகு நிழல். பிறகு சதுரம். நிழல். சதுரம். சத்தமே இல்லை. ஒவ்வொரு சதுரத்திலும் ஒரு தலையின் நிழல்.

கடைசிச் சதுரமும் போனது. டிராக்டர் கிளம்பியது. கூடைகள் தலையேறின.

அவள் திரும்பினாள். செம்மண். சைக்கிள் தடங்கள்.

பத்ரி இல்லை.

போலீஸ் கிணறுகளில் தேடியது. கம்பெனி ஒரு பெஞ்சில் அவர் பெயரைப் பொறித்தது: பாதையின் தோழர். அதில் உட்கார்ந்து சிப்ஸ் தின்கிறார்கள். கைகாட்டியின் கையை உயர்த்தச் சொல்லி வைஜயந்தி கம்பெனிக்கு ஏழு கடிதம் எழுதினாள். பத்ரியின் இடத்துக்கு வந்த ஹரிபிரசாத் போனில் குழைந்தான்: "மேடம், உங்க ஃபீலிங் புரியறது. ஆனா நம்ம டி-ஷர்ட் பூரா அந்தச் சாஞ்ச கை படம்தானே இருக்கு?"

ஒரு வருடம் கழித்து, இந்த ஐப்பசியில் அவளும் பெண்களோடு நின்றாள். சுவரைப் பார்த்தபடி.

வாசனை. உரசும் பழங்கள். சதுரம். நிழல். சதுரம்.

கடைசிச் சதுரத்தில் தொப்பி போட்ட தலை. உயர்ந்த கை. கையில் உருண்டையாக ஏதோ. அதைக் கண்ணருகே திருப்பித் திருப்பி, கட்டைவிரலால் அழுத்திப் பார்க்கிறது. மெதுவாக. வண்டி அத்தனை வேகமாக ஓடும்போது, அது மட்டும் மெதுவாக.

கைகாட்டியின் கை சாய்ந்தேதான் இருக்கிறது.