நேராகப் பார்த்தால்

பித்தானைக் காணவில்லை. இப்போதுதான் தையல் மேசைமேல் வைத்தாள். விரலால் தடவினால் இருக்கிறது, குனிந்து பார்த்தால் அந்த இடத்தில் ஈரத்துணியில் ஊறிய மை போல ஒரு சாம்பல் கறை மட்டும். டெங்குக் காய்ச்சல் விட்டு நாலைந்து நாள்தான் ஆகியிருந்தது. மூட்டெல்லாம் வலி, நாக்கில் மாத்திரைக் கசப்பு, ஜன்னல் வலைக்கு வெளியே ஒற்றைக் கொசுவின் ரீங்காரம். நிமிர்ந்தாள். கதவருகே கணவன். காது தெரிந்தது, முடி தெரிந்தது, சட்டைக் காலர் தெரிந்தது. முகம் இல்லை.

"என்ன அப்படிப் பாக்குற?"

"ஒண்ணுமில்லைங்க."

பயப்பட வேண்டும் என்று தோன்றியது. பயம் வரவில்லை.

கண் டாக்டர் விழிக்குள் வெளிச்சம் அடித்துப் பார்த்தார். "டெங்கு சில பேருக்குக் கண்ணையும் பாதிக்கும்மா. விழித்திரை நடுவுல வீக்கம். நேரா பாக்குறது மறையும், ஓரம் தெரியும். போகப் போக வடிஞ்சிடும்."

"கறைக்குள்ள யாரோ நிக்கிறாங்க டாக்டர்."

"தெரியாத இடத்தை மூளை எதையாவது வச்சு நிரப்பும். கண்டுக்காதீங்க."

கண்டுகொள்ளாமல்தான் இருந்தாள். எல்லோரையும் ஓரக்கண்ணால் பார்க்கப் பழகினாள். ஆனால் வெள்ளைச் சுவரைப் பார்த்தாலும், கூரையைப் பார்த்தாலும், இமைகளை இறுக மூடினாலும், பனிமூட்டத்தில் வெகுதூரத்தில் நிற்பவரைப்போல அந்த உருவம் நடுவில் நின்றது. பிறகு அவ்வளவு தூரத்தில் இல்லை. தோள் தெரிந்தது. நெற்றி தெரிந்தது. ஒருநாள் பல்.

கணவனிடம் சொன்னாள். "அதான் டாக்டர் சொன்னாரே," என்றான்.

அடுத்த முறை போனபோது டாக்டருக்கு ஒரே சந்தோஷம். "வீக்கம் சுத்தமா வடிஞ்சிடுச்சும்மா!"

உண்மைதான். வீட்டுக்கு வந்து சுவரைப் பார்த்தாள். வெறும் சுவர். கறை இல்லை, யாரும் இல்லை. ஊசியில் ஒரே முயற்சியில் நூல் கோத்தாள்.

செருப்பைக் கழற்றி உதறும் சத்தம். மகள் பள்ளியிலிருந்து வந்துவிட்டாள். எத்தனை நாளாயிற்று, அவளை நேராகப் பார்த்து.

பார்த்தாள்.

இரட்டைப் பின்னல். சிவப்பு ரிப்பன். சீருடையில் சாக்பீஸ் தூள். எல்லாம் துல்லியம்.

நடுவில் அந்த உருவத்தின் முகம்.

கிட்டத்தில். இமைக்காமல்.

"அம்மா," மகளின் குரலில் அதன் வாய் அசைந்தது. "இப்ப என் முகம் தெரியுதா?"

"தெரியுதுடா," என்றாள்.

அது இன்னும் ஓர் அடி முன்னால் வந்து, மகளின் கைகளால் அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டது.