நாலு விரல் தண்ணீர்

மூன்று வாரமாக மழை இல்லை. ஊற்றுவாய் காய்ந்து கிடந்தது. அப்படியும் சதுப்பின் நடுவே நட்டிருந்த அளவுப்பலகையில் தண்ணீர் நாலு விரல் ஏறியிருந்தது.

பாக்கியநாதன் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தான். பல வருடமாக, வாழவந்திக்குப் பக்கத்தில் உள்ள இந்தச் சேற்றில் மாதாமாதம் இறங்கித் தண்ணீரைச் சோதிப்பதுதான் அவன் உத்தியோகம். மாமனாரிடம் மட்டும் விஞ்ஞானி என்று சொல்லி வைத்திருந்தான். காப்பிக்கொட்டை கழுவிய கழிவு விழுந்து விழுந்து செத்துப்போன சதுப்பு. கழிவை நிறுத்தி, கோரை நட்ட பிறகு மெல்ல உயிர் வந்தது. தவளை வந்தது. நண்டு வந்தது. கானாங்கோழி குஞ்சு பொரித்த அன்று, யாரும் பார்க்காத நேரமாகப் பார்த்து அழுதும் தொலைத்தான்.

இன்று தவளைச் சத்தம் இல்லை. சாயங்கால வெயில் சில்வர் ஓக் மரங்களுக்குப் பின்னால் இறங்க, சேற்று வாடையோடு ஈரத் தலைமுடியின் வாடையும் கலந்து வர, காற்றே இல்லாமல் கோரைகள் ஒவ்வொரு வரிசையாக விலகி, விலகிய இடத்தில் மெதுவாகச் சேர்ந்துகொண்டன.

எருமை ஏதும் இறங்கியிருக்கிறதா என்று கரையில் கோரை அறுத்துக்கொண்டிருந்த மாதையனைக் கேட்டான்.

"எருமை எறங்குனா தடம் இருக்குமுங்க சார். முன்ன இருந்ததெல்லாம் ஒண்ணொண்ணா திரும்பி வந்துட்டு இருக்குதுங்க. இது என்னதுன்னு எனக்குத் தெரியாதுங்க."

அரிவாளைத் துடைத்துக்கொண்டு, பாதி வேலையில் மாதையன் கிளம்பிவிட்டான்.

பாக்கியநாதன் கேனை அமிழ்த்தினான். வழக்கமாகக் குபுக் குபுக்கென்று நிரம்பும். இன்று ஒரே மடக்கில் நிரம்பியது. தூக்கியபோது தோள்பட்டை இறங்கியது. வயசாகிவிட்டது, விஞ்ஞானிக்கு. நிமிர்ந்து பலகையைப் பார்த்தான். தண்ணீர் பழைய கோட்டில் நின்றது.

ஒரு கேன் மொண்டதற்கு ஒரு சதுப்பே நாலு விரல் இறங்குமா? இரண்டாம் கிளாஸ் பிள்ளைகூடச் சிரிக்கும். அவனுக்குச் சிரிப்பு வரவில்லை.

ஏற்காட்டுக்கு வரும்வரை கேன் அவன் காலிடுக்கில் இருந்தது. அத்தனை வளைவிலும் பஸ் சாய்ந்தது. உள்ளே தண்ணீர் ஒரு தடவைகூட அலம்பவில்லை.

வீட்டில், சேலத்துக்குச் சோதனைக்கு அனுப்பவேண்டிய சீசாக்களை நிரப்பினான். மிச்சத்தைக் கீழே கொட்ட மனம் வரவில்லை. ஏப்ரல் மாதம், குழாயில் வெறும் காற்று. அதோடு, குளிக்கிற அளவுக்குத் தெளிந்த தண்ணீர், நம் தண்ணீர் என்ற பெருமை வேறு. குளியலறையில் பாதி காலியாக இருந்த சிமெண்டுத் தொட்டியில் கவிழ்த்தான்.

தொட்டி ஏறியது. கேன் காலியான பிறகும் ஏறியது. விளிம்பு தாண்டி அவன் பாதத்தில் வழிந்தது. சில்லென்று. ஈரத் தலைமுடி வாடை.

கரண்டு போனது.

அடுப்படியில் ஜெயகுமாரி குழந்தையைக் கொஞ்சும் சத்தம் கேட்டது. வேளாங்கண்ணிக்கு நேர்ந்து, வெகுகாலம் கழித்துப் பிறந்தவள் அமலி. இரண்டு வயது. குளிருக்கு அடக்கமாக அடுப்போரம் அலுமினிய பேசினில் உட்கார வைத்துத்தான் குளிப்பாட்டுவார்கள்.

முன்னறைக்குப் போய் அரிக்கேன் விளக்கைத் தடவி எடுத்தான். முதல் தீக்குச்சி உடைந்தது. அடுத்ததும். ஒருவழியாக ஏற்றிக்கொண்டு திரும்பினான்.

தொட்டி பாதிக்கு இறங்கியிருந்தது.

தொட்டியடி அடைப்பானைத் தொட்டுப் பார்த்தான். இறுக்கமாக இருந்தது. தரையில், அவன் போகும்போது இருந்த ஈரத்தோடு சரி. விளிம்பில் எப்போதும் இருக்கும் பித்தளைச் சொம்பைக் காணோம்.

அடுப்படியிலிருந்து ஜெயகுமாரி குரல் கொடுத்தாள்.

"ஏனுங்க, வெந்நி நொம்ப சுட்டுச்சு. தொட்டியில ஒரு சொம்பு மோந்துட்டு வந்து ஊத்துனேன். அதென்னங்க அத்தனை கனம்? ஒரு கையில தூக்க முடியல."

ஓடினான்.

அவள் முதுகைக் காட்டி மாடத்தில் சோப்பைத் தேடிக்கொண்டிருந்தாள். அடுப்பு வெளிச்சத்தில் பேசின். நடுவில் அமலி. அவளைச் சுற்றித் தண்ணீர் ஏறியது. ஒரு விரல். இன்னொரு விரல். விளிம்பில் வழிந்து, அடுப்புச் சாம்பலில் சுர்ரென்றது.

குழந்தை அழவில்லை. பக்கத்தில் எதையோ அண்ணாந்து பார்த்தாள். பிறகு, பஸ்ஸில் யாராவது ஏறினால் அவன் சொல்லிக்கொடுத்திருந்த மாதிரியே, காலை மடக்கிக்கொண்டு, ஓரமாக நகர்ந்து, இடம் விட்டாள்.