முந்நூற்று எண்பது அடி

ஆழ்துளைக் கிணறு தோண்டிய போர் லாரி கிளம்பிப்போய் அரை மணி நேரம் ஆகியிருந்தது. அதற்குப் பிறகும் குழாய்க்குள்ளிருந்து போர் போடுகிற சத்தம் வந்துகொண்டிருந்தது.

பிரின்சிதான் முதலில் கவனித்தாள். சேறு அப்பிய செருப்பைத் தேய்த்துக் கழுவலாம் என்று அந்தப் பக்கம் போனவள், தரையிலிருந்து இரண்டடி உயரத்துக்கு நீட்டிக்கொண்டிருந்த நீல நிறக் குழாயின் அருகில் ஒற்றைக் காலில் அப்படியே நின்றுவிட்டாள். வெகு ஆழத்தில் கல் அரைபட்டது. கம்ப்ரசர் மூச்சிரைத்தது. நடுநடுவே லாரிக்கார ஆட்கள் தெலுங்கில் ஒருவரையொருவர் கூப்பிட்டுக்கொண்டார்கள். ஒருவன் இருமினான், தண்ணீரைக் கண்ட இன்னொருவன் "நைனா, நீளு" என்றான். குழாயிலிருந்து ஈரக் கல்பொடியின் வாசனை, குளிர்ந்த மூச்சு போல அவள் கணுக்காலில் பட்டது.

"எபினேசர் அண்ணே, கொஞ்சம் இங்க வாங்களேன்."

காலனி சபையின் மூப்பர் எபினேசர் கொத்தனார் வேலை செய்பவர். தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்தபடி வந்து குனிந்து காது வைத்தார். அதே நேரம் குழாயின் அடியில் ஒரு லாரி ஸ்டார்ட் ஆனது. கியர் மாறியது. சத்தம் மெல்லத் தேய்ந்து தூரமாகப் போய் நின்றது.

எபினேசர் நிமிர்ந்தார். அவளைப் பார்க்கவில்லை.

"புது போரு. உள்ள காத்து சுத்துது," என்றார். பிறகு வேகமாக நடந்துபோய் இரும்பு மூடியை எடுத்துவந்து நான்கு போல்ட்டும் வைத்து இறுக்கினார்.

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் ஒரு உதிரிபாகக் கம்பெனியின் அலுவலகத்தில் பிரின்சிக்கு வேலை. இங்கிலீஷ் நன்றாக வரும் என்பதால், அமெரிக்காவிலிருந்து ஒரு சபையின் ஊழியக் குழு வருகிறது, ஒரு வாரம் கூட இருந்து மொழிபெயர்க்க வேண்டும் என்று பாஸ்டர் கேட்டபோது லீவு போட்டுவிட்டு வந்திருந்தாள். ஆறு பேர் வந்திருந்தார்கள். தலைவர் கிரெக், அறுபது வயது, வெயிலில் மூக்கு உரிந்து சிவந்திருந்தது. லிண்டா, நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர். மற்ற நான்கு பேரும் கல்லூரி மாணவர்கள். ஓடைமேடு காலனிக்கு ஒரு போரும், அதைச் சுற்றி ஒரு மேடையும், தொட்டியும் கட்டித் தருவதுதான் அவர்கள் ஏற்றுக்கொண்டு வந்த வேலை.

சவுக்குத் தோப்புக்குப் பின்னால் நாற்பது வீடுகள். முன்னொரு காலத்தில் அடுத்தவர் வயலில் நாற்று நட்டவர்கள். இப்போது இரும்பு உருக்கும் கம்பெனிகளில் ஷிப்ட்டுக்குப் போகிறார்கள். நிலத்தடியில் கடல் ஏறி எங்கே தோண்டினாலும் உப்பு. இரண்டு நாளைக்கு ஒரு தரம் வரும் டேங்கர் தண்ணீருக்குக் குடங்கள் விடியற்காலையிலேயே வரிசையில் உட்கார்ந்துவிடும். போர் போட இடம் விட்டது செண்பகம். கம்பெனி கேண்டீனில் பாத்திரம் தேய்ப்பவள். தன் வீட்டுக்குப் பக்கத்திலிருந்த ஒரு சென்ட்டை எழுதிக் கொடுத்திருந்தாள். முந்நூற்று எண்பது அடியில் தண்ணீர் பீய்ச்சி அடித்தபோது ஓடிப்போய் முதல் கை அள்ளிக் குடித்ததும் அவள்தான்.

"உப்பே இல்ல பிரின்சி. ஒரு சொட்டுகூட இல்ல," என்றாள். சேறு வழியும் முகத்தோடு அழுதாள். கரண்ட் இணைப்பு திங்கட்கிழமை. மோட்டார் அன்றைக்கு இறங்கும்.

புதன்கிழமை காலை மேடைக்கு அஸ்திவாரம் போடும்முன் கிரெக் ஜெபம் செய்தார். வாக்கியம் வாக்கியமாக பிரின்சி தமிழில் சொன்னாள். ஓரிடத்தில் அவர், இந்த ஜனங்களின் மேல் படிந்திருக்கும் இருளை அகற்றும் என்று ஆண்டவரைக் கேட்டார். முந்தானையைத் தலைக்குப் போட்டுக்கொண்டு நின்ற பெண்களில் பாதிப் பேர் நெற்றியில் குங்குமம் இட்டவர்கள். பிரின்சி அந்த ஒரு வாக்கியத்தை விழுங்கிவிட்டு அடுத்ததற்குப் போனாள். யாருக்கும் தெரியவில்லை.

மத்தியானம் எல்லோரும் வேப்பமரத்தடியில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அவள் கை கழுவ வந்தாள். இறுக்கி மூடியிருந்த மூடிக்கு அடியில், தகரத்துக்குள் வண்டு முனகுவதுபோல, ஜெபம் நடந்துகொண்டிருந்தது. கிரெக்கின் குரலில் ஒரு வாக்கியம். பின்னாலேயே தமிழில் அவளுடைய குரல். அவள் அசையாமல் கேட்டாள். கிரெக் இருளைப் பற்றிச் சொன்னார். பிறகு அவளுடைய குரல், நிதானமாக, அவள் சொல்லாமல் விட்டதைச் சொன்னது.

"இந்த ஜனங்களின் மேல் படிந்திருக்கும் இருளை அகற்றும்."

கை கழுவாமலே திரும்பி வந்தாள். தட்டில் மிச்சமிருந்த சோறு காய்ந்து ஒட்டிக்கொண்டிருந்தது. லிண்டா, முகம் ஏன் வெளுத்திருக்கிறது என்று கேட்டார். வெயில் என்றாள்.

வியாழக்கிழமை நான்கு மணிக்குக் குழந்தை அழுதது.

தமிழ்நாட்டில் அந்தச் சத்தத்துக்கு விளக்கம் தேவையில்லை. போர்க் குழாய்க்குள்ளிருந்து ஒரு குழந்தையின் அழுகை. கரண்டியைக் கீழே போட்டார்கள். குடத்தைக் கீழே போட்டார்கள். நாற்பது வீட்டுப் பெண்களும் பிள்ளைகளின் பெயரைச் சொல்லிக் கத்திக்கொண்டு ஓடி வந்தார்கள். ஒவ்வொரு பிள்ளையும் ஒவ்வொரு மூலையிலிருந்து வந்து நின்றது. எல்லாம் இருந்தன. கைக்குழந்தை உட்பட. மூடியின் நான்கு போல்ட்டும் இறுக்கிய இடத்திலேயே இருந்தன.

அழுகை நிற்கவில்லை.

எபினேசர் மூடியைக் கழற்றினார். மாணவன் ஒருவன் செல்போன் வெளிச்சத்தை உள்ளே பாய்ச்சினான். நீலச் சுவர், அதற்கப்பால் கறுப்பு. கிரெக் மண்டியிட்டு, பெயரைக் கேள், பேச்சுக் கொடுத்துக்கொண்டே இரு என்று பிரின்சியிடம் சொன்னார்.

அவள் குனிந்தாள். குளிர்ந்த காற்று வாயில் பட்டது.

"கண்ணு, அழாத. உன் பேரு இன்னா?"

அழுகை சட்டென்று நின்றது.

"உன் பேரு இன்னா?" என்று கேட்டது கீழே.

எதிரொலி என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். சிலர் நிம்மதியாக மூச்சு விட்டார்கள். பிரின்சியும் அப்படித்தான் நினைக்க விரும்பினாள். அந்த விருப்பத்தில்தான் வாய் தவறியது.

"பிரின்சி," என்றாள்.

கீழே அது திரும்ப வரவில்லை. பிறகு, அவளுக்கு மட்டும் கேட்கிற அளவுக்கு, தாழ்ந்த குரலில், "மேல எத்தினி பேரு கீறீங்க, பிரின்சி?" என்றது.

என்ன சொல்கிறது என்று கிரெக் கேட்டார். அவருடைய நீலக் கண்கள் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தன. பின்னால் செண்பகம், ஒன்பது வயது மகள் கெசியாவை இடுப்போடு அணைத்தபடி நின்றாள். இந்த அமெரிக்கர்கள் பயந்து போரை மூடினால் இனி ஒரு போர் இந்தக் காலனிக்கு வராது. உண்மையில் பிரின்சி அதையெல்லாம் யோசித்தாளா, அல்லது அந்தக் கேள்வியைத் தன் நாக்கால் இன்னொரு முறை சொல்லப் பயந்தாளா என்பது பிற்பாடு அவளுக்கே தெரியவில்லை.

"எக்கோ," என்றாள் கிரெக்கிடம். "ஜஸ்ட் எக்கோ."

பக்கத்து ஊரில் அழுத குழந்தையின் சத்தம் நிலத்தடி வழியாக வந்திருக்கும் என்று யாரோ சொன்னார்கள். நம்ப வசதியாக இருந்ததால் எல்லோரும் நம்பினார்கள். எபினேசர் மூடியை மறுபடி இறுக்கினார்.

வெள்ளிக்கிழமை காலை பிரின்சியின் தொண்டை கட்டியிருந்தது. மத்தியானத்துக்குள் குரல் காற்றாகிவிட்டது. லிண்டா டார்ச் அடித்துத் தொண்டையைப் பார்த்தார். சிவப்பு இல்லை, வீக்கம் இல்லை. ஒரு வாரமாகப் பேசிப் பேசிக் களைத்துவிட்டாய் என்று தேன் மாத்திரை கொடுத்தார். பிரின்சிக்கு வலி எதுவும் இல்லை. அதுதான் அவளைப் பயமுறுத்தியது. பேசும்போது குரல் மேலே வராமல் கீழ்நோக்கி இறங்குவதுபோல இருந்தது, யாரோ மெதுவாகக் கயிற்றை இழுப்பதுபோல.

சாயங்காலம் செண்பகத்தின் வீட்டுக்குப் போனாள். வாயை அவள் காதருகே வைத்து ரகசியம்போலச் சொன்னாள்.

"அக்கா. அந்தப் போர மூடிடலாம். அது எக்கோ இல்ல. என்னாண்ட பேசுச்சி."

செண்பகம் வெங்காயம் நறுக்குவதை நிறுத்தவில்லை.

"எனக்கும் தெரியும்," என்றாள். "ராத்திரி சுவத்தாண்ட கேக்குது. உன் குரலுதான். பேசிக்கினே கீது."

"இன்னா பேசுது?"

"ஒண்ணுமில்ல. எண்ணிக்கினு கீது." செண்பகம் கத்தியைக் கீழே வைத்தாள். "பிரின்சி, நான் கல்யாணம் ஆயி வந்ததுலேர்ந்து குடம் தூக்கறேன். ரெண்டு புள்ள வயித்துலயே போச்சி. தண்ணி வரட்டும். உள்ள எது வேணா பேசிக்கினு போட்டும்."

சனிக்கிழமை பிரின்சிக்குக் குரலே இல்லை. உதடு அசைந்தது, அவ்வளவுதான்.

இரவு விமானத்துக்குக் குழு கிளம்ப வேண்டும். ஐந்தரை மணிக்கு நன்றிக் கூட்டம். புதிய மேடையைச் சுற்றிப் பாய் விரித்துக் காலனி முழுவதும் உட்கார்ந்திருந்தது, பிள்ளைகள் முன்வரிசையில். வாடகைக்கு எடுத்த ஸ்பீக்கர் பெட்டியைப் போருக்குப் பக்கத்திலேயே வைத்திருந்தார்கள். சவுக்குத் தோப்புக்கு மேலே உலைகளின் சிவப்பு வானத்தில் ஏறத் தொடங்கியிருந்தது. இரும்பு வாடையும் சாம்பிராணி வாடையும் கலந்து வீசின. தூரத்தில் கூடூர் போகும் ரயில் கடந்தது. கிரெக் மைக்கைப் பிடித்துக் கண்கலங்கப் பேசினார். முடிந்த வரை முயற்சி செய் என்று இன்னொரு மைக்கை அவள் கையில் கொடுத்திருந்தார். மறுக்கக்கூட அவளிடம் குரல் இல்லை. மைக்கை வாயருகே வைத்துக்கொண்டு நின்றாள்.

உங்கள் அன்பை ஒருபோதும் மறக்க மாட்டோம் என்றார் கிரெக்.

"உங்க அன்ப நாங்க மறக்கவே மாட்டோம்."

கணீரென்று வந்தது. அவளுடைய குரல். ஜனங்கள் சிரித்தார்கள், குரல் திரும்பிவிட்டதே என்று லிண்டா கை தட்டினார். பிரின்சி மைக்கைப் பார்த்தாள். அது ஆன் செய்யப்படவே இல்லை.

கிரெக் அடுத்த வாக்கியத்தைச் சொன்னார். அதுவும் தமிழில் வந்தது. அதற்கடுத்ததும். பிறகு கிரெக், தண்ணீர் என்பது ஜீவன் என்று சொன்னார்.

"எபினேசர் அண்ணே, மூடிய கழட்டுங்க," என்றது பிரின்சியின் குரல்.

எபினேசர் எழுந்தார். ஒரு வாரமாக அவள் சொன்னதையெல்லாம் செய்தவர். ஸ்பேனரோடு குனிந்தார். ஒரு போல்ட்டு. இரண்டு.

பிரின்சி மைக்கைத் தூக்கி எறிந்தாள்.

"புள்ளைங்கல்லாம் எழுந்து வரிசையா வாங்க. குழாயாண்ட வாய வெச்சி உங்க பேர சொல்லுங்க. பயப்படாதீங்க," என்றது அவளுடைய குரல்.

அவள் ஓடிப்போய் எபினேசரின் கையைப் பிடித்து இழுத்தாள். தலையை ஆட்டினாள். வாயைத் திறந்து காட்டினாள். அவள் கண்ணீரைப் பார்த்த கிரெக் நெகிழ்ந்துபோய் அவள் தோளில் கை வைத்து மெல்ல விலக்கினார். என்ன நடக்கிறது என்று கேட்டார். அவளுடைய குரல் அவளுக்குப் பின்னாலிருந்து அழகான இங்கிலீஷில், பிள்ளைகள் தங்கள் பெயரைச் சொல்லி உங்களுக்கு நன்றி சொல்கிறார்கள் என்றது. கிரெக் போனை எடுத்துப் படம் பிடிக்க ஆரம்பித்தார்.

முதல் பையன் குனிந்தான். பெயரைச் சொன்னான். நிமிர்ந்தான்.

அடுத்தவள். அடுத்தவன்.

பிரின்சியிடம் எடுத்ததுபோல இப்போது அதற்கு இரண்டு நாள் தேவைப்படவில்லை. குனிந்து நிமிர்ந்த பிள்ளைகள் ஓரமாகப் போய் நின்று ஒருவரோடு ஒருவர் பேசிக்கொண்டார்கள். உதடுகள் அசைந்தன. கைகள் அசைந்தன. ஒருவன் சிரித்தான், வாய் முழுக்க. சத்தம் இல்லை. பிரின்சி பெண்கள் உட்கார்ந்திருந்த பக்கம் ஓடினாள். செண்பகத்தின் தோளைப் பிடித்து உலுக்கினாள். பிள்ளைகளைக் காட்டினாள். தன் தொண்டையைக் காட்டினாள்.

செண்பகத்தின் முகம் மெல்ல மாறியது. எழுந்தாள். வரிசையைத் தேடினாள். கெசியா ஏற்கனவே குனிந்து நிமிர்ந்திருந்தாள்.

"கெசியா," என்று கூப்பிட்டாள் செண்பகம். "ஏ கெசியா."

மகள் திரும்பினாள். அம்மாவைப் பார்த்து எப்போதும்போல வாயைத் திறந்தாள்.

"இன்னாம்மா?" என்றது, முந்நூற்று எண்பது அடிக்குக் கீழே.