வந்தவர்கள் 63, போனவர்கள் 62

போன் அலறியது!

சார்ஜென்ட் துஹுமுரி எடுத்தார்.

"சார்... மாவட்டச் சுற்றுலா ஆபீஸ்லேர்ந்து யூலி. நாளையோட மாசம் முடியுதுன்னு கணக்கு போட்டேன். தீவுகளுக்கு வந்தவங்க அறுபத்து மூணு. போனவங்க அறுபத்து ரெண்டு!"

"இன்னொரு தடவ கூட்டிப் பாரும்மா."

"நாலு தடவ பாத்துட்டேன் சார்! கடைசித் தீவுல யோபியோட விடுதி. மரிசேன்னு ஒரு பொம்பள ஏழாந்தேதி வந்திருக்கா. போன தேதி இல்ல. எங்க அந்தம்மான்னு யோபிகிட்ட கேட்டேன்... அழுதுட்டு போனை வெச்சுட்டாரு!"

போலீஸ் படகு பறந்தது.

யோபி துறைக்கே ஓடிவந்தார். ஒரு மனித முகத்தைப் பார்த்துப் பத்து நாளாயிற்றாம், பாவம்.

விடுதிக்குள்... இரண்டு காப்பித் தம்ளர். ஒன்று தொடாமல் ஆறிக் கிடந்தது. வாசலில் பெண்கள் செருப்பு. சீப்பில் நீளமான முடி!

"மரிசே எங்கய்யா?"

யோபி தென்னைமரத்தடியைக் காட்டினார்.

மண்மேடு!

"அடப்பாவி! கொன்னு பொதைச்சிட்டியா?" துப்பாக்கி வெளியே வந்தது.

"சிலுவையைப் படிங்க சார்..."

படித்தார். மரிசே, யோபியின் மனைவி. இறந்து இரண்டு வருஷம்!

"செத்தவ எப்படிய்யா ஏழாந்தேதி வந்தா?"

"நான்தான் பதிவேட்டுல எழுதினேன். ரெண்டு மாசமா ஒரு விருந்தாளி இல்ல. மூணாவது மாசமும் சைபர்னா சுற்றுலாப் படகு இங்க நிக்காது சார். அதுவும் வராம போனா, பேச எனக்கு யாரு இருக்கா? பொய்ப்பேரு ஒண்ணு யோசிச்சேன்... அவ பேருதான் வந்துச்சு."

"போன தேதியும் எழுதித் தொலைச்சிருக்கலாமே!"

"கை வரல சார்... இன்னொரு தடவ அவள அனுப்ப."

துஹுமுரி துப்பாக்கியை உள்ளே வைத்தார். பொய்க் கணக்கு குற்றம். விலங்கு இடுப்பில் தொங்கியது. ஆனால் வாசல் வழியே தெரிந்த அந்த ஆறிய காப்பியை விட்டுக் கண் நகரவில்லை.

"படகைத் திருப்பிக்கிட்டுப் போ. நாளைக்கு வா!" என்று படகோட்டியிடம் கத்தினார்.

உள்ளே போய்ப் பதிவேட்டை இழுத்தார். மரிசே பெயரை மெதுவாக அடித்தார். கீழே தன் பெயரை எழுதினார்.

யோபி விழித்தார். "சார்... தங்கறீங்களா?"

"காசு குடுத்துத் தங்கறேன். சூடா ஒரு காப்பி போடு. போற தேதியையும் இப்பவே எழுதிடறேன்ய்யா... இல்லேன்னா அந்த யூலி, நாளைக்கு என் பொணத்தைத் தேடி ஆள் அனுப்பிடுவா!"