ஒன்பது நாள் பெட்டி

கோழிக்கார அக்கா அதைச் சொன்னாரா, சொல்லியும் நான் கேட்கவில்லையா என்பது எனக்குச் சரியாக நினைவில்லை. அப்போது எனக்குப் பத்து வயது. சொன்னார் என்று தம்பி இன்றைக்கும் அடித்துச் சொல்கிறான். நான் குஞ்சுகளின் கால்களை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தேனாம்.

எங்கள் வெள்ளைக் கோழிகள் மூன்றைப் பருந்து தூக்கிப் போன பிறகு, அம்மா கோழிக்கார அக்காவிடம் சண்டைக்கோழிக் குஞ்சுகள் ஆறு வாங்கினார். இந்த இனம் முட்டை குறைவாகத்தான் இடும். ஆனால் தானே இரை தேடும், மரமேறித் தூங்கும், பருந்தை எதிர்த்து நிற்கும். தோட்டத்தில் திறந்து விட்டு வளர்க்க இதுதான் சரி என்றார் அக்கா.

நான்கு பெட்டைகள், இரண்டு சேவல்கள். நெட்டைக்காலன் பெயர் கம்பம். கறுப்பன் பெயர் மிளகு. எட்டு மாதம் இருவரும் ஒரே தட்டில் தின்றார்கள்.

"இவங்களா சண்டைக்கோழி? நாமதான் சண்டைக்கோழி" என்றான் தம்பி.

ஒருநாள் கம்பத்தின் பாதத்தில் முள் ஏறி வீங்கிவிட்டது. முள்ளை எடுத்து, மருந்து போட்டு, பின் அறையில் ஓர் அட்டைப்பெட்டிக்குள் அவனை வைத்துக்கொண்டேன். ஒன்பது நாள் என் கையிலிருந்துதான் தின்றான்.

பத்தாம் நாள் காலை தோட்டத்தில் கொண்டுபோய் விட்டேன். மிளகு சந்தோஷப்படுவான் என்று நினைத்தேன்.

மிளகு கழுத்து இறகுகளை விரித்துக்கொண்டு வந்தான். கம்பமும் விரித்தான். பிறகு ஒருவர்மேல் ஒருவர் பாய்ந்தார்கள். இருவரும் கத்தவே இல்லை. நான் துணிக்கூடையைக் கவிழ்த்துக் கம்பத்தை மூடி, அதன்மேல் சாய்ந்து அழுத்திக்கொண்டேன். தம்பி துண்டைப் போட்டு மிளகைத் தூக்கினான். அதற்குள் மிளகின் இடது கண் போய்விட்டது.

அம்மா கோழிக்கார அக்காவுக்குப் போன் செய்தார்.

"ஒன்னா திரிஞ்சா அண்ணன் தம்பி. நாலு நாள் பிரிச்சு வெச்சா அந்நியன். எல்லார்கிட்டயும் சொல்வேனே, உங்ககிட்ட சொல்லலையா?"

நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

இனி ஒருவன்தான் எங்கள் தோட்டத்தில் இருக்க முடியும். இன்னொருவனைத் தன் பட்டறையில் வளர்ப்பதாக மெக்கானிக் மாமா சொன்னார். யார் போவது என்று அம்மா என்னையே முடிவு செய்யச் சொன்னார்.

"கம்பம்தானே உன் செல்லம்? அவனையே வெச்சுக்கக்கா" என்றான் தம்பி.

எனக்கும் அதுதான் ஆசை. பின்வாசல் படியில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். மிளகு தலையைச் சாய்த்துக்கொண்டு தண்ணீர்த் தொட்டிக்கு வந்தான். இரண்டு முறை வெறும் விளிம்பைக் கொத்தினான். மூன்றாவது முறைதான் தண்ணீர் கிடைத்தது. இந்தத் தோட்டத்தில் எது எங்கே என்று அவனுக்குத் தெரியும். புது இடத்தில் தெரியாது.

"கம்பம் போகட்டும்மா. அவனுக்கு ரெண்டு கண்ணு இருக்கு."

அம்மா என் தலைமுடியில் ஒட்டியிருந்த இறகை எடுத்துப் போட்டார்.

அதே அட்டைப்பெட்டியில்தான் கம்பம் போனான்.

மிளகு இன்னும் ஐந்து வருடம் இருந்தான். பெட்டைகளில் ஒன்று எப்போதும் அவனுடைய இடது பக்கமாகவே நடக்கும். தம்பி இப்போது பேருந்து ஓட்டுகிறான். அம்மா இன்றும் கோழி வளர்க்கிறார். கம்பம் பட்டறையில் பன்னிரண்டு குஞ்சுகளுக்கு அப்பாவானான். அவன் போய் ஒரு மாதம் கழித்து அவனைப் பார்க்கப் போனேன். என்னைக் கண்டதும் கழுத்து இறகுகளை விரித்தான். கொண்டுபோன தானியத்தைத் தரையில் வைத்துவிட்டுத் தள்ளி நின்றேன். எல்லாவற்றையும் தின்றான்.